ஒரு கலர் மட்டும் பேசட்டும்! - போட்டோவில் 'செலக்டிவ் கலர்' செய்வது எப்படி?

அக்கா கல்யாணம் முடிந்த மறுநாள். முகூர்த்தம் முடிந்ததும் என் போனில் எடுத்த ஒரு படத்தை எடிட் செய்து ஃபேமிலி குரூப்பில் போட்டேன். அக்காவின் சிவப்புப் பட்டு மட்டும் பளிச்சென்று கலரில் இருக்கும். மற்ற எல்லாமே கறுப்பு வெள்ளை. ஹார்ட்டுகள் குவிந்தன. 'செம', 'சூப்பர்' என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பத்தா மட்டும் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன்டி, என்னைய மட்டும் செவுத்துல மாட்டுன போட்டா மாதிரி ஆக்கி வச்சிருக்க? நான் இன்னும் சாகலடி!"

வீடே சிரித்தது. நானும்தான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்ஸ்டாவிலும், ஸ்டேட்டஸிலும், கல்யாண ஆல்பங்களிலும் நாம் அடிக்கடி பார்க்கிற இந்த எஃபெக்ட்டுக்குப் பெயர் 'செலக்டிவ் கலர்'. 'கலர் ஸ்பிளாஷ்', 'கலர் பாப்' என்றும் சொல்கிறார்கள். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, ஒரே ஒரு பொருளையோ ஒரே ஒரு நிறத்தையோ மட்டும் விட்டுவைப்பது. கேட்க சுலபம். ஆனால், அழகாகவும் செய்யலாம், அசிங்கமாகவும் செய்யலாம். எங்கே எப்படிச் செய்ய வேண்டும் என்று பார்ப்போமா?

இது புதுசு இல்லை!

ஆப் வந்த பிறகு பிறந்த டிரெண்ட் என்று நினைத்தால், இல்லை. 1839-ல் டகேரோடைப் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட கொஞ்ச காலத்திலேயே, போட்டோவின் மேல் கையால் வண்ணம் தீட்டுகிற வேலையும் ஆரம்பித்துவிட்டது. 1860-களில் ஜப்பானின் யோகோஹாமாவில் ஃபெலிஸ் பீட்டோ என்ற புகைப்படக்காரர், கையால் வண்ணம் தீட்டிய படங்களை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றிருக்கிறார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் கன்னத்துக்கு ரோஸ், புடவைக்குப் பச்சை என்று பிரஷ்ஷால் தீட்டிக் கொடுத்த காலம் உண்டு. உங்கள் தாத்தா, பாட்டி கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்கள், ஒருவேளை அதிலேயே இருக்கலாம்.

சினிமாவிலும் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1925-ல் வெளிவந்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' கறுப்பு வெள்ளைப் படம். அதில் கப்பலில் ஏறும் கொடியை மட்டும் கையால் சிவப்பாக்கினார் ஐசன்ஸ்டைன். 1963-ல் அகிரா குரோசவா எடுத்த 'ஹை அண்ட் லோ' படத்தில், புகைபோக்கியிலிருந்து வருகிற புகை மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும். கடத்தல்காரனைப் பிடிக்க போலீஸுக்குக் கிடைக்கிற துப்பே அந்த நிறம்தான்.

எல்லோருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது 1993-ல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. கிராகோவ் நகரின் யூதர் குடியிருப்பை நாஜிக்கள் காலி செய்கிற காட்சியில், கூட்டத்துக்கு நடுவே ஒரு குட்டிப் பெண்ணின் கோட் மட்டும் சிவப்பாகத் தெரியும். பிறகு அதே சிவப்பு கோட், பிணங்களை ஏற்றிச்செல்லும் வண்டியில் தெரியும். முகம்கூட சரியாகத் தெரியாது. அந்த நிறத்தை வைத்தே அவள்தான் என்று நமக்குப் புரிந்துவிடும்.

இந்தப் படங்களில் எல்லாம் ஒரு ஒற்றுமையைக் கவனித்தீர்களா? 'இதைப் பார்' என்று சொல்லவேண்டிய அவசியம் இருந்த இடத்தில் மட்டும்தான் கலர் வந்திருக்கிறது. அழகுக்காக அல்ல. எடிட் செய்ய உட்காரும் முன் நாமும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான்... 'இந்தப் படத்தில் எதைப் பார்க்கச் சொல்கிறேன்?'

எந்தப் படம் செட் ஆகும்?

எல்லா போட்டோவுக்கும் இது பொருந்தாது. பொருந்துகிற படத்தைக் கண்டுபிடிக்க நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

* நீங்கள் விட்டுவைக்கப்போகும் நிறம், படத்தில் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். மழையில் ஒற்றை சிவப்புக் குடை, டிராஃபிக்கில் நிற்கும் ஒரே ஒரு மஞ்சள் ஆட்டோ, முற்றத்தில் காயும் மிளகாய் வற்றல் - இவையெல்லாம் அருமையான சப்ஜெக்ட். பத்து மஞ்சள் ஆட்டோ நிற்கிற ஸ்டாண்டு வேண்டாம்.

* பொருளின் ஓரம் தெளிவாக இருக்க வேண்டும். பறக்கும் முடி, வலைத் துணி, புகை, தண்ணீர்த் தெறிப்பு எல்லாம் ஆரம்பத்திலேயே வேண்டாம். கண்ணைக் கட்டிவிடும்.

* கலரை எடுத்த பிறகும் படம் நன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன டெஸ்ட். முதலில் முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சாம்பலை அள்ளிப் பூசியது மாதிரி சப்பென்று இருந்தால், ஒரு கலரைச் சேர்ப்பதால் மட்டும் அது நல்ல படமாகிவிடாது.

* பொருளுக்கு நிஜமாகவே நிறம் இருக்க வேண்டும். 'தலையில் வச்ச மல்லிகைப்பூவை மட்டும் கலர்ல காட்டணும்' என்று தோழி ஒருத்தி கேட்டாள். மல்லிகை வெள்ளை, கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது வெள்ளைதானே! வேட்டிக்கும் அதே கதைதான். கனகாம்பரம் வைத்திருந்தால் பேசலாம்.

போனிலேயே செய்யலாம்

இலவசமாக, நிதானமாகச் செய்ய ஸ்னாப்சீட் நல்ல ஆப். கூகுளுடையது. பட்டன்கள் இருக்கும் இடம் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் மாறலாம். ஆனால், செய்முறை இதுதான்.

1. படத்தைத் திறந்து, 'டூல்ஸ்' பகுதியில் 'பிளாக் அண்ட் ஒயிட்' கொடுத்து டிக் செய்யுங்கள். முழுப் படமும் நிறம் இழந்துவிடும். பயப்பட வேண்டாம்.

2. மேலே இருக்கும் அடுக்கு மாதிரியான ஐகானைத் தொட்டு 'வியூ எடிட்ஸ்' போங்கள். நீங்கள் செய்த வேலைகள் வரிசையாகத் தெரியும். அதில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்பதைத் தொட்டு, பிரஷ் ஐகானைத் தேர்ந்தெடுங்கள்.

3. இப்போது படம் மறுபடி கலருக்கு வந்திருக்கும். விரலால் தேய்க்கிற இடம் மட்டும்தான் கறுப்பு வெள்ளையாகும். ஆனால், அப்படித் தேய்த்தால் விடிந்துவிடும். அதனால் 'இன்வெர்ட்' ஐகானைத் தொடுங்கள். படம் முழுக்க எஃபெக்ட் விழுந்துவிடும். எஃபெக்ட் விழுந்த இடம் சிவப்புப் படலமாகத் தெரியும்.

4. பிரஷ்ஷின் அளவை 0-க்குக் குறையுங்கள். கலர் வேண்டிய பொருளின் மேல் தேயுங்கள். அந்த இடத்தில் எஃபெக்ட் அழிந்து, பழைய நிறம் எட்டிப்பார்க்கும். கோடு தாண்டிவிட்டதா? பிரஷ்ஷை 100 ஆக்கி, தாண்டிய இடத்தில் மட்டும் திரும்பத் தேய்த்தால் போதும்.

ஒரு டிப்... ஸ்னாப்சீட்டில் பிரஷ்ஷின் சைஸை மாற்ற, படத்தை ஜூம் செய்ய வேண்டும். ஜூம் கூடக் கூட, விரல் தொடுகிற பரப்பு படத்தில் சின்னதாகும். ஓரங்களுக்கு நன்றாக ஜூம் செய்துகொள்ளுங்கள். நடுப்பகுதிக்கு ஜூம் குறைத்துக்கொள்ளுங்கள்.

'அவ்வளவு பொறுமை எனக்கு இல்ல' என்பவர்களுக்கு, கூகுள் போட்டோஸில் 'கலர் பாப்' என்ற வசதி இருக்கிறது. ஆளை அதுவே கண்டுபிடித்து, பின்னணியை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கும். கேமராவிலேயே இந்த வசதி வைத்திருக்கும் மாடல்களும் உண்டு. கேனானில் 'கலர் ஆக்சென்ட்', சோனியில் 'பார்ஷியல் கலர்', நிக்கானில் 'செலக்டிவ் கலர்' என்று பெயர். ஆனால், ஜேபெக் ஃபைலாகக் கேமராவிலேயே இப்படி எடுத்துவிட்டால், போன நிறம் போனதுதான். சாதாரணமாகக் கலரில் எடுத்துவிட்டு, பிறகு எடிட் செய்வதே பாதுகாப்பு.

கம்ப்யூட்டரில் இன்னும் துல்லியமாக...

போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ரப்பரால் அழிக்கிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். லேயர் மாஸ்க்தான் சரியான வழி.

படத்தைத் திறந்து, 'பிளாக் அண்ட் ஒயிட்' அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைச் சேர்த்தால், அதனுடன் ஒரு வெள்ளை மாஸ்க்கும் சேர்ந்தே வரும். மாஸ்க்கில் வெள்ளை என்றால் 'எஃபெக்ட் தெரியட்டும்', கறுப்பு என்றால் 'எஃபெக்ட் மறையட்டும்'. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மாஸ்க் மொத்தமும் புரிந்த மாதிரிதான்.

'பி' எழுத்தை அழுத்தினால் பிரஷ். முன் நிறம் கறுப்பாக இருக்கட்டும். மாஸ்க்கை ஒருமுறை க்ளிக் செய்துவிட்டு, புடவை மேல் தேயுங்கள். கலர் திரும்பி வரும். தப்பு நடந்தால் 'எக்ஸ்' அழுத்துங்கள். பிரஷ் வெள்ளைக்கு மாறும், தப்பைச் சரிசெய்யலாம். சதுர அடைப்புக்குறி கீகள் பிரஷ்ஷைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். இன்னும் வேகம் வேண்டுமென்றால், 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்து ஆளை முதலில் தேர்வுசெய்துவிட்டு அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேருங்கள். இப்போது ஆள் கறுப்பு வெள்ளை, பின்னணி கலர் என்று தலைகீழாக வரும். மாஸ்க் தேர்வில் இருக்கும்போது 'கன்ட்ரோல் + ஐ' அழுத்தினால், அது அப்படியே திரும்பிவிடும்.

போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாதா? கிம்ப் இருக்கிறது, முழுக்க இலவசம். லேயரை டூப்ளிகேட் செய்து, மேல் லேயரை 'கலர்ஸ்' மெனுவில் 'டீசாச்சுரேட்' செய்யுங்கள். அதே லேயரில் ரைட் க்ளிக் செய்து, வெள்ளை நிற லேயர் மாஸ்க் சேர்த்து, கறுப்பு பிரஷ்ஷால் தேயுங்கள். அதே கணக்குதான்.

லைட்ரூமும் நம் ஊர் தோல் நிறமும்

தேய்க்கிற வேலையே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. லைட்ரூமில் 'கலர் மிக்ஸ்' பகுதிக்குப் போனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அக்வா, நீலம், பர்ப்பிள், மெஜந்தா என எட்டு நிறங்கள் இருக்கும். வேண்டிய நிறத்தைத் தவிர மற்ற ஏழின் 'சாச்சுரேஷனை'யும் -100 ஆக்கினால் முடிந்தது வேலை. நீலக் கதவு, பச்சைக் கிளி போன்ற படங்களுக்கு இது அரை நிமிட வேலை.

ஆனால், படத்தில் மனிதர்கள் இருந்தால் இந்த முறை காலை வாரும். காரணம், நம் தோல் நிறம். மாநிறமோ, கறுப்போ, சிவப்போ, மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியில்தான் விழும், அக்கம்பக்கத்தில் சிவப்பையும் மஞ்சளையும் தொட்டுக்கொண்டிருக்கும். சிவப்புப் புடவைக்காகச் சிவப்பை விட்டுவைத்தால் உதடும், காதோரமும், உள்ளங்கையும் திட்டுத் திட்டாகச் சிவந்து நிற்கும். கனகாம்பரத்துக்காக ஆரஞ்சை விட்டுவைத்தால் முகம் முழுக்கக் கலரில் வந்துவிடும். சிவப்பைத் தவிர எல்லாவற்றையும் குறைத்தால், பட்டுப்புடவையின் ஜரிகை வெளிறிப்போய் அலுமினியம் ஃபாயில் மாதிரி ஆகிவிடும். ஏனென்றால், ஜரிகை மஞ்சள் கணக்கு!

எனவே, ஆட்கள் இருக்கும் படத்துக்கு மாஸ்க் முறையே சரி. புடவையையும் ஜரிகையையும் ஒரே பொருளாகப் பாவித்துத் தேய்க்க முடியும்.

'ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி' இருக்கா?

முதல் முயற்சியில் எல்லோருக்கும் வருகிற பிரச்னை இது. கலர்ப் பகுதி தனியாக வெட்டி ஒட்டியது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். சரிசெய்ய சில வழிகள்...

* ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள். பிரஷ்ஷின் 'ஹார்ட்னஸ்' 100 வேண்டாம், 70-80 போதும். முடி இருக்கும் இடங்களில் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

* கலர்ப் பகுதியின் சாச்சுரேஷனைக் கூட்டாதீர்கள். சுற்றிலும் சாம்பல் நிறம் இருப்பதால், நிறம் இயல்பைவிட அழுத்தமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். பத்து, பதினைந்து புள்ளி குறைத்துப் பாருங்கள், படம் நிதானமாகிவிடும்.

* பின்னணியைச் சுத்தமாக -100 ஆக்காமல், -85 அளவில் நிறுத்திப் பாருங்கள். லேசான நிறச்சாயல் மிச்சமிருக்கும். கண்ணை உறுத்தாது.

* நிறம் தன் இடத்தோடு நிற்பதில்லை. சிவப்புப் புடவை கட்டியவரின் தாடையிலும் கையிலும் அந்தச் சிவப்பின் சாயல் விழுந்திருக்கும். ஈரத் தரையில் குடையின் பிரதிபலிப்பு இருக்கும். குடை சிவப்பு, தரையில் அதன் நிழல் மட்டும் சாம்பல் என்றால், எங்கோ இடிக்கும். பிரதிபலிப்பையும் சேர்த்து மாஸ்க் செய்யுங்கள்.

* போட்டோஷாப்பில் ஆல்ட் கீயை அழுத்தியபடி மாஸ்க்கை க்ளிக் செய்தால், மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். விட்டுப்போன ஓட்டைகளும், தாண்டிப்போன தீற்றல்களும் அப்போது தெளிவாகத் தெரிந்துவிடும்.

பிரின்ட் போடும் முன்...

ஸ்க்ரீனில் எரிகிற சிவப்பும் பச்சையும் பேப்பரில் அப்படியே வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பேப்பர் மையால் காட்டுகிறது. கறுப்பு வெள்ளைப் பகுதியும் கலர் பிரின்டரில் லேசான பச்சை அல்லது ஊதா சாயலோடு வரலாம். பெரிய ஃப்ரேம் போடும் முன், 4-க்கு 6 சைஸில் ஒரு பிரின்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல், டாக்குமென்டாக அனுப்புங்கள். தரம் குறையாது.

இன்னொன்று, செய்திப் படங்களில் இதைச் செய்யக் கூடாது. ஒரு போராட்டத்திலோ, விபத்திலோ ஒருவரை மட்டும் கலரில் காட்டுவது, நடந்ததைச் சொல்வதாகாது, நம் கருத்தைச் சொல்வதாகிவிடும்.

குடும்பப் படங்களிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். க்ரூப் போட்டோவில் இரண்டு பேரை மட்டும் கலரில் விட்டால், மற்றவர்கள் 'பின்னணி' ஆகிவிடுகிறார்கள். நம் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே மாலை போட்டு மாட்டிய படம்தான் ஞாபகத்துக்கு வரும். அப்பத்தா சிரித்துக்கொண்டே சொன்னது அதைத்தான். கலர் இல்லாதவர் 'இங்கே இல்லாதவர்' மாதிரி தெரிகிறார். ஜோடியைத் தனியாக எடுத்த படங்களுக்கு மட்டும் இந்த எஃபெக்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் ஒன்றிரண்டு போதும்.

ஒரிஜினலைத் தொடாதீர்கள்!

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எடிட் செய்யும் முன் படத்தை ஒரு காப்பி எடுத்துவையுங்கள். போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி ஆகவும், கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் ஆகவும் லேயர்களோடு சேமியுங்கள். ஷேர் செய்ய மட்டும் தனியாக ஒரு ஜேபெக்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அக்கா கல்யாணம் முடிந்த இரண்டாவது வருடம் அப்பத்தா இறந்துவிட்டார். மாலை போட நல்ல படம் தேடியபோது, அவர் வாய்விட்டுச் சிரித்த படம் அது ஒன்றுதான் இருந்தது. போனில் இடம் இல்லையென்று அதன் ஒரிஜினலை நான் எப்போதோ டெலிட் செய்திருந்தேன். இருந்தது எடிட் செய்தது மட்டும்தான்.

"அன்னிக்கு அவங்க கட்டியிருந்தது கத்திரிப்பூ கலர்" என்றார் அம்மா. "இல்ல மைனி, மயில்கழுத்து" என்றார் அத்தை. அரை மணி நேரம் பேச்சு ஓடியது. யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் மீட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். முடியாது. கறுப்பு வெள்ளையாக்கும்போது, சாஃப்ட்வேர் மூன்று நிறங்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்குப்படி சிவப்பில் சுமார் 30 சதவிகிதம், பச்சையில் 59 சதவிகிதம், நீலத்தில் 11 சதவிகிதம் எடுத்துக் கூட்டுவார்கள். அதனால் பளீர் சிவப்பும், கொஞ்சம் அடர்த்தியான பச்சையும் அச்சு அசல் ஒரே சாம்பலாக மாற முடியும். அந்தச் சாம்பலைப் பார்த்து, முன்பு அது எந்த நிறம் என்று யாராலும் திரும்பச் சொல்ல முடியாது. பழைய படங்களுக்குக் கலர் கொடுக்கும் ஏ.ஐ கருவிகளும் ஊகித்துத்தான் போடுகின்றன. ஒரு கருவி அப்பத்தாவுக்கு நீலப் புடவை கட்டிவிட்டது. இன்னொன்று பழுப்பு.

கடைசியில் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அக்காவை வெட்டிவிட்டு, அப்பத்தாவை மட்டும் பெரிதாக்கினார் அந்த அண்ணன். ஆனால், அன்று அக்கா அப்பத்தாவின் தோளில் கை போட்டிருந்ததால், முந்தானையின் ஓரம் ஒரு துண்டு சிவப்பாக அங்கேயே நின்றது.

"இதையும் கறுப்பு வெள்ளையாக்கிடவா?" என்று கேட்டார் அவர்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும்" என்றார் அம்மா.

இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. நீங்கள் எடிட் செய்ய உட்காரும்போது, முதலில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். ப்ளீஸ்!